ஐம்பத்தெட்டு கிலோவுக்குள்

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் வலது கை விரல்கள் தானாக மூடித் திறக்கின்றனவா? பயிற்சி கொடுக்கும் டீச்சர் வாரம் மூன்று நாளும் ஒழுங்காக வருகிறாரா? போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். உங்கள் காது மெஷினோடு மல்லுக்கட்டுவதைவிடக் கடிதமே மேல்.

உங்கள் பேத்திக்கு நேற்றோடு ஏழு வாரம். எடை நாலு கிலோ அறுநூறு. கன்னம் இரண்டும் தொங்குகின்றன. உங்கள் மாப்பிள்ளை அவளைப் பூசணி என்றுதான் கூப்பிடுகிறார்.

அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. ஜூன் 20 அன்று வேலையில் சேர வேண்டும். அன்றே எடை பார்ப்பார்கள். என் உயரத்துக்கு ஐம்பத்தெட்டு கிலோவுக்குள் இருந்தால்தான் பணிப்பெண்ணாக விமானத்தில் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் தரையில் உட்காரவைத்து, அதற்குப் பிறகும் குறையாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள். நான் இப்போது எழுபது.

குழந்தைகள் கிளினிக் நர்ஸிடம் கேட்டேன். "பால் குடுக்கிறப்ப பட்டினி கிடக்கக் கூடாதும்மா. நீ வழக்கமா சாப்பிடறதவிட நானூறு, ஐந்நூறு கலோரி சேர்த்தே சாப்பிடணும். மாசத்துக்கு ரெண்டு கிலோ தானா குறையும், அது போதும்" என்றார். நாலரை மாதத்துக்கு ஒன்பது கிலோ. அப்படியும் அறுபத்தொன்று. "மிச்சம் மூணு கிலோவ எங்க கொண்டுபோய் வைக்கிறது சிஸ்டர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

புது யூனிஃபார்ம் துணி வந்திருக்கிறது. அனுப்பட்டுமா? ஏழு வருஷமாக நீங்கள் தைத்ததைத்தான் போடுகிறேன். வேறு டெய்லரிடம் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இப்போது இடுப்பு முப்பத்தாறரை, மேல்கை பதினொன்றே முக்கால். சிரிக்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிட்டு

*

பிப்ரவரி 14

அன்பு மகள் சிட்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். அம்மாவுக்குக் கட்டைவிரல் அசைகிறது. டீச்சர் வரும் நாளில் உற்சாகமாக இருக்கிறாள், வராத நாளில் என்னை முறைக்கிறாள். பக்கவாதம் கொண்டுபோன பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தபோது, பூசணி என்ற இடத்தில் அவள் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

சிட்டு, பால், சாப்பாடு இதெல்லாம் தகப்பன் மகளுக்கு எழுதுகிற சங்கதி இல்லை. அம்மா வாயைத் திறந்து பேசினால் நான் எழுதவே தேவையில்லை. எனக்குத் தெரிந்தது துணிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நர்ஸ் சொல்வதைக் கேள். அலுவலகத்துக்கு எழுதி இன்னும் இரண்டு மூன்று மாதம் கேட்டுப் பார். கொடுக்காமலா போய்விடுவார்கள்? அங்கேயும் பெற்றவர்கள் இருப்பார்கள்.

துணியை அனுப்பு. இன்றைய அளவுக்குத் தைத்து, உள்தையலில் துணியை விட்டுவைக்கிறேன். இளைக்க இளைக்கப் பிடித்துக்கொள்ளலாம். அவசரமில்லை.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்
அப்பா

*

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் கட்டைவிரல் செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் உத்தரத்தைத் தட்டினார்.

அலுவலகத்துக்கு எழுதினேன். நான்கே வரியில் பதில். விதி எல்லோருக்கும் ஒன்றுதானாம். நேரில் போய்ப் பார்த்தேன். எங்கள் மேற்பார்வையாளருக்கும் இரண்டு பிள்ளைகள். "நானும் குறைச்சுக்கிட்டுத்தானேப்பா வந்தேன். மனசு வச்சா முடியும்" என்று முதுகைத் தட்டி அனுப்பிவிட்டார். அவர் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தாரா என்று கேட்க வாய் வரவில்லை.

கவலைப்படாதீர்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன். நேற்று காலை ஓட்ஸ், முட்டை, ஆப்பிள். மதியம் சோறு, கீரை, மீன். மாலையில் ஒரு டம்ளர் பால். மாப்பிள்ளை காலையில் பட்டறைக்குக் கிளம்புமுன் எனக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் போகிறார். விமானத்துக்குச் சக்கரம் மாட்டுகிற கையால் ஆப்பிளை அப்படி மெல்லிசாக நறுக்குகிறார், பார்க்க வேண்டுமே. என்ன சாப்பிட்டாலும் நோட்டில் கலோரியை எழுதிவைக்கிறேன். கூட்டல் கழித்தலில் நான் எப்போதுமே கெட்டி, உங்களுக்குத் தெரியும்.

துணி தனிப் பார்சலில் வருகிறது. இன்றைய அளவு: மார்பு 38, இடுப்பு 33½, மேல்கை 10½, தோள் பழையபடி.

அம்மாவின் கையை என் சார்பாக அமுக்கிவிடுங்கள்.

சிட்டு

*

மார்ச் 19

அன்பு மகள் சிட்டுவுக்கு,

நாங்கள் நலம், நீங்கள் மூவரும் நலந்தானே? துணி வந்தது. நல்ல துணி. கழுத்துப் பட்டி மட்டும் முரண்டு பிடிக்கிறது.

ஐந்து வாரத்தில் இடுப்பு மூன்று இன்ச் குறைந்திருக்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு வயிறு வாடுவது சகஜம், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேல்கையும் ஒரு இன்ச்சுக்கு மேல் குறைந்திருக்கிறது. நாற்பது வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிறவன் நான். காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்குத்தான் மேல்கை இப்படிச் சட்டென்று இறங்கும். நீ டேப்பை இறுக்கிப் பிடித்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மறுபடி ஒருமுறை, கையைத் தளர்த்தி, மாப்பிள்ளையை அளக்கச் சொல்.

உன் சாப்பாட்டுப் பட்டியலை அம்மாவுக்குப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாலைக்கு மேல் ஒன்றும் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. எழுத மறந்திருப்பாய்.

டீச்சர் போன வாரம் உன் அலுவலகம் கொடுத்த மருத்துவ அட்டையின் நம்பரைக் கேட்டார், அவர் சம்பளம் அதில்தானே போகிறது. ஜூன் வரை செல்லும், நீ வேலையில் சேர்ந்ததும் புதுப்பிக்க வேண்டுமாம். அதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டார், எழுதிவிட்டேன். அதற்காக நீ ஒன்றும் அவசரப்பட வேண்டாம்.

பேத்திக்கு முத்தம்.

அப்பா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? தையல் மெஷினை மிதிப்பதைக் குறையுங்கள். மோட்டார் இருந்தும் காலால் மிதிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அட்டையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும் அப்பா. நீங்கள் எழுதாவிட்டாலும் தெரியும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, நான் சேர்ந்துவிடுவேன்.

அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டேன்! மேற்பார்வையாளரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அசந்துபோனார். "எப்படிப்பா?" என்று நாலு பேருக்கு நடுவில் கேட்டார். அன்றைக்கு முழுக்கக் காலே தரையில் படவில்லை.

பூசணி ரொம்பச் சமர்த்து ஆகிவிட்டாள். முன்பு போல அழுவதே இல்லை. பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள். நானே எழுப்ப வேண்டியிருக்கிறது. பகலில் பாதி தூக்கம்தான். எனக்கும் வசதியாக அவள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். எழுந்திருக்கும்போது கண் கொஞ்சம் இருட்டுகிறது, அது பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் வருவதுதான். வெயில் காலம் வந்தும் எனக்கு மட்டும் ஏனோ குளிர்கிறது. மாப்பிள்ளையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

அப்பா, நீங்கள் பாவாடையை இருபத்தெட்டுக்கே தைத்துவிடுங்கள். உள்தையல் விட வேண்டாம். அது எதிரே தொங்கிக்கொண்டிருந்தால்தான் எனக்கு ரோஷம் வரும். இப்போது முப்பதரை.

சிட்டு

*

ஏப்ரல் 21

அன்பு மகள் சிட்டுவுக்கு,

நலம். நலத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். அறுபத்திரண்டு என்றதும் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. குழந்தை அழுவதே இல்லை என்ற இடத்துக்கு வந்தபோது அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினாள். "மறுபடி படிக்கவா?" என்றேன். படித்தேன். அதே இடத்தில் பிடி இறுகியது. வாயை ஏதோ ஒரு எழுத்துக்குக் குவிக்கிறாள், சத்தம் வரவில்லை. கடைசியில் அவளே அலுத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அவள் என்ன கேட்க வந்தாள் என்று என் புத்திக்கு எட்டிய வரையில் கேட்கிறேன். பூசணியின் எடை எவ்வளவு? பிப்ரவரியில் எழுதினாய். மார்ச்சிலும் ஏப்ரலிலும் எழுதவில்லை.

பாவாடையும் மேல்சட்டையும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. நீ கேட்டபடி இருபத்தெட்டு. உள்பட்டியில் அளவு எழுதியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுது.

குழந்தையின் எடையை மறக்காமல் எழுது.

அப்பா

*

மே 3

அப்பா,

பாவாடையைப் போட்டுப் பார்த்தேன். ஜிப் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். முடிந்தது, இனி சாப்பிடலாம் என்று நினைத்தேன். இரண்டு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி, ஒரு வாழைப்பழத்தோடு, நின்றபடியே சாப்பிட்டேன். உட்காரக்கூடப் பொறுமை இல்லை. எத்தனை நாள் கழித்து என்று கேட்காதீர்கள்.

மறுநாள் எடை பார்த்தால் அறுபது. இருபத்தெட்டு இன்ச் இடுப்புக்கு அது பொருந்தவில்லை. டேப்பை எடுத்துப் பாவாடையை அளந்தேன். முப்பது.

நீங்கள் இருபத்தெட்டு என்று எழுதி முப்பது தைத்திருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் அரை நூல் பிசகாமல் தைக்கிற நீங்கள்.

ஏன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். இந்த வீட்டில் நான் நம்புவதற்கு எண்கள் மட்டும்தான் இருந்தன. நீங்கள் அதிலும் கைவைத்துவிட்டீர்கள். அந்த ரொட்டிக்கும் வாழைப்பழத்துக்கும் இரண்டு நாள் வெறும் தண்ணீரில் இருந்து கணக்கைச் சரிசெய்தேன்.

கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

*

மே 11

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நான் செய்தது தப்பு. ஜிப் ஏறினால் நீ சாப்பிடுவாய் என்று நினைத்தேன். சாப்பிட்டாயே, ஒரு வேளையாவது சாப்பிட்டாயே என்றுதான் உன் கடிதத்தைப் படிக்கும்போது முதலில் தோன்றியது. அடுத்த வரிகளைப் படித்தபிறகு அதுவும் போய்விட்டது.

மார்ச்சிலேயே எனக்குத் தெரியும், சிட்டு. மேல்கை அளவைப் பார்த்த அன்றே தெரியும். வாயைத் திறந்து, நீ பட்டினி கிடக்கிறாய், நிறுத்து என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பெண்பிள்ளைகள் விஷயம் என்று கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ வேலையை விட்டால் அம்மாவுக்கு டீச்சர் வருவது நின்றுபோகும். கட்டைவிரல் அசைய ஆரம்பித்த நேரம். அதனால் டேப்போடு விளையாடினேன். பேச வேண்டிய இடத்தில் துணியைப் பேசவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். வேலையை விட்டுவிடு. வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். நேரில் வந்து சொல்ல ஆசை. அம்மாவை அரை நாளைக்கு மேல் யாரிடமும் விட முடியவில்லை. மூன்று பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

குழந்தையின் எடையை மட்டுமாவது எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா

*

மே 30

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இருவரும் வீட்டில் இருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. பதறாமல் படியுங்கள். அத்தைக்கு இதைப் படித்துக்காட்ட வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு அவளோடு நானும் போனேன். வழக்கமாக அவள் தனியாகப் போவாள். அன்று படி ஏறும்போது மூச்சு வாங்கியதைப் பார்த்து நான் லீவு போட்டேன். நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்தார். ஐந்து கிலோ முந்நூறு. அட்டையைப் பார்த்தார். ஏழு வாரமாக நூறு கிராம்கூட ஏறவில்லை. இரண்டு தடவை கிளினிக்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், இவள் போகவில்லை. "ஏம்மா வரல?" என்று நர்ஸ் கேட்டு முடிக்கவில்லை, இவள் அப்படியே சரிந்துவிட்டாள். தலை மேஜையில் இடித்து மூன்று தையல். குழந்தை நர்ஸ் கையில் இருந்ததால் பிழைத்தது.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "கொஞ்சம் குறைச்சு சாப்பிட்டா பால் குறையாது. உடம்பு தன்னைக் கரைச்சாவது குழந்தைக்குக் குடுக்கும். இந்தப் பொண்ணு கரைய எதுவும் மிச்சம் வைக்கல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். தினமும் தட்டு வைத்தேன், சாயங்காலம் தட்டு கழுவி இருந்தது. சாப்பிட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தால் பதினொரு டப்பா. நான் வைத்த சோறும் மீனும் தேதி ஒட்டி அடுக்கியிருந்தன. தூக்கிப்போட மனசு வரவில்லை என்றாள்.

அவளுடைய நோட்டையும் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு நாளைக்கு எழுநூற்று நாற்பது. அதற்குக் கீழே, குழந்தைக்குப் பால், ஐந்நூறு கழிவு என்று எழுதியிருந்தாள். மாடிப்படி ஏறியதைக் கழித்த மாதிரியே பால் கொடுத்ததையும் கழித்திருக்கிறாள். அந்த வரியைப் படித்தபிறகு நான் பால்கனியில் போய் நின்றேன்.

குழந்தைக்குப் பால்பவுடர் ஆரம்பித்தாயிற்று. முதல் புட்டியைக் குடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து, பெரிய குரலில் அழுதாள், இன்னும் வேண்டும் என்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மருமகன்

*

ஜூன் 7

அன்பு மகள் சிட்டுவுக்கு,

மாப்பிள்ளை எழுதியிருந்தார். தையல் பிரித்தாயிற்றா? வலிக்கிறதா?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீயும் என்மேல் வைத்துக்கொள்ளாதே. நடந்ததைப் பேச வேண்டாம். டாக்டர் சொல்கிறபடி சாப்பிடு. பால் திரும்பும் என்று கீழ்த்தெரு நர்ஸ் சொன்னார். அடிக்கடி குழந்தையைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். தகப்பன் எழுதுகிற சங்கதி இல்லை என்று பிப்ரவரியில் எழுதியவன்தான் இதை எழுதுகிறேன்.

டீச்சரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை நானே செய்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் கை பழகிவிடும். ஆகவே அட்டையை நினைத்து நீ வேலைக்கு ஓட வேண்டியதில்லை.

பேத்தியின் எடை ஏறுகிறதா?

அப்பா

*

ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நெற்றித் தழும்பை முடி மறைத்துவிடுகிறது. பூசணி ஆறு கிலோ எழுநூறு. அட்டையில் கோடு மேலே ஏறுகிறது. ஊரையே கூட்டுகிற மாதிரி அழுகிறாள்.

முதலில் ஒன்று. டீச்சருக்கு நான் போன் செய்து திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வருவார். வாசலிலேயே நிறுத்தி அனுப்பாதீர்கள். அம்மாவின் முழங்கையை நீங்கள் தவறாக மடக்குவதாக அவர் சொன்னார்.

டாக்டர் சொன்னபடி ஐந்து வாரம் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை குழந்தையைப் போட்டுப் பார்த்தேன். பால் திரும்பவில்லை அப்பா. சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார்கள். அவளுக்குப் புட்டி பழகிவிட்டது. நான் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு நாள் கையால் என்னைத் தள்ளினாள். அதற்கு மேல் நான் முயற்சி செய்யவில்லை.

டாக்டர் கடிதத்தைப் பார்த்து அலுவலகத்தில் இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். அங்கிருக்கும் சத்துணவு ஆலோசகர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "இனி பால் குடுக்கலல்ல? அப்ப பிரச்சன இல்ல, தைரியமா குறைக்கலாம்" என்றார். நல்ல மனுஷிதான். கடைசி நாலு நாள் மறுபடி தட்டைக் குறைத்தேன். ஜூலை நாலாம் தேதி எடை பார்த்தார்கள். ஐம்பத்தேழு எண்ணூறு. மேற்பார்வையாளர் கைதட்டினார். சுற்றி இருந்தவர்களும் தட்டினார்கள். நானும் சிரித்தேன். மருத்துவ அட்டையை அன்றே புதுப்பித்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். அடுத்தது ஜனவரி.

நேற்று முன்தினம் முதல் பயணம். உணவு கொடுத்து முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டாள். மடியில் மூன்று மாதக் குழந்தை, பால் குடித்துக்கொண்டிருந்தது. "சாப்பாடு குடுக்கிறப்ப தூங்கிட்டேங்க. ஏதாவது மிச்சம் இருக்கா? இவ குடிக்க ஆரம்பிச்சா எனக்கு வயித்தக் கிள்ளுது" என்றாள். பயணிகளுக்கானது தீர்ந்திருந்தது. எனக்கு வைத்திருந்ததைச் சுடவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் ஒரு கையால் சாப்பிட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, விரலை நக்கி, வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து. குழந்தையின் தலையில் ரொட்டித்தூள் விழுந்தது, ஊதிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டாள். குழந்தை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் மார்பில் ஏதாவது ஊறுகிறதா என்று நின்ற இடத்திலேயே கவனித்துப் பார்த்தேன். துணி காய்ந்தேதான் இருந்தது.

"நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டாள், தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது.

"ஆச்சு" என்றேன்.

திரைக்குப் பின்னால் போனதும், கூட வேலை செய்யும் பெண் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் நகர்த்தினாள். நல்ல பசி. தட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். எத்தனை கலோரி இருக்கும் என்று மனசு தானாகக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கூட்டி முடிப்பதற்குள் விமானம் இறங்குவதாக அறிவிப்பு வந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு, பயணிகள் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் போய்விட்டேன்.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, ஆறிப்போனதைச் சாப்பிடாதீர்கள். இரண்டு பேர் உடம்பையும் பற்றி எழுதுங்கள்.

உங்கள் சிட்டு